மண்ணுக்கு மண் மாறும் நுண்ணுயிர்கள்

நிலத்தின் தன்மைக்கேற்பவே பயிர் அமையும் என்பது நம் குடியானவர்களுக்குப் புதிதாகச் சொல்லித் தெரியவேண்டிய செய்தி அன்று. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என நிலத்தை ஐந்தாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய மரமும் விலங்கும் தொழிலும் இன்னவை எனக் கண்டவர்கள் நம் முன்னோர். செம்மண் மேட்டில் நிலக்கடலையும், கரிசலில் பருத்தியும், ஆற்று வண்டலில் நெல்லும் செழிப்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். ஆனால், அந்த மண்ணுக்குள்ளே கண்ணுக்குப் புலப்படாமல் கோடிக்கணக்கில் வாழும் நுண்ணுயிர்களும் அவ்வாறே நிலத்துக்கு நிலம் வேறுபடுகின்றனவா? மலையும் கடலும் மண்ணின் புளிப்பும் உப்பும் அவற்றின் பிறப்பியல்பையே மாற்றி அமைக்கின்றனவா? இக்கேள்விகளுக்குச் சென்ற முப்பது ஆண்டுகளில் விஞ்ஞானிகள் தெளிவான விடைகளைக் கண்டிருக்கின்றனர்.

இது ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடும் செய்தியன்று. ஊராட்சி ஒன்றியத்தின் அன்றாட அலுவலோடும் தொடர்புடையதாகும். ரைசோபியம், அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா முதலிய உயிர் உரங்கள் இன்று எல்லா வட்டாரங்களிலும் வழங்கப்படுகின்றன. ஒரே கிடங்கிலிருந்து ஒரே நாளில் எடுத்துச் சென்ற பொட்டலம் ஓர் ஊரில் நல்ல பலன் தருவதும், ஐந்தாறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள மற்றோர் ஊரில் இட்ட சுவடே தெரியாமற் போவதும் உண்டு. பலன் காணாத விவசாயி பொட்டலத்தின்மீது ஐயம் கொள்கிறார். வழங்கிய அலுவலரோ விவசாயி சரியாகக் கையாளவில்லை என்று கருதிவிடுகிறார். இருவர்மீதும் குற்றமில்லாத சந்தர்ப்பங்கள் பல. காரணம் மண்ணிலேயே இருக்கக்கூடும். அக்காரணத்தை அறிந்துகொண்டால் வீண் செலவும் வீண் மனத்தாங்கலும் குறையும்.

கண்ணுக்குத் தெரியாத குடிகள்

ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் துணி வணிகராயிருந்த லீவன்ஹூக் என்பவர், தாமே தேய்த்துச் செய்த கண்ணாடிச் சில்லுகளைக் கொண்டு 1676ஆம் ஆண்டில் பாக்டீரியாக்களை முதன்முதலாகக் கண்டார். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவேயுள்ள இவ்வுயிர்கள், வளமான மண்ணில் ஒரு கிராமுக்கு நூறு கோடி வரையிலும் இருப்பதுண்டு. இலைதழைகளை மக்கவைப்பவை, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருபவை, மண்ணோடு இறுகிக் கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துக் கொடுப்பவை, பயிருக்கு நோய் தருபவை, அந்நோயை அடக்குபவை என இவற்றில் பல திறத்தன உண்டு.

இவற்றின் மரபுப் பன்மை என்பது யாது? நெல்லை எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். நெல் என்னும் இனம் ஒன்றே. எனினும் அதில் எத்தனை இரகங்கள்! உவர் நிலத்தைத் தாங்குவது ஒன்று. நீர் தேங்கினும் அழுகாதது ஒன்று. மழை பொய்த்தாலும் கதிர் விடுவது மற்றொன்று. வெளித்தோற்றத்தில் சிறிதே மாறுபடும் இவற்றின் குணங்கள் யாவும் விதையினுள் பரம்பரையாக வரும் மரபணுக்களில் எழுதப்பட்டுள்ளன. நுண்ணுயிர்களிலும் இதுவே நிலை. ஒரே பெயரால் நாம் அழைக்கும் ஒரு பாக்டீரியா இனத்துக்குள் எண்ணற்ற இரகங்கள் உள்ளன. நெல்லிலாவது கதிரைப் பார்த்து இரகத்தைச் சொல்லலாம். பாக்டீரியாவோ உருப்பெருக்கியில் பார்த்தாலும் ஒன்றுபோலவே தோன்றும். அன்றியும், மண்ணிலுள்ள நுண்ணுயிர்களுள் பெரும்பான்மையானவை ஆய்வுக்கூடத் தட்டுகளில் வளர்வதே இல்லை. மரபணுக்களின் எழுத்து வரிசையை நேரடியாகப் படிக்கும் முறைகள் வந்த பின்னரே இவற்றை இனம் பிரித்தறிய முடிந்தது.

எல்லாம் எங்கும் உண்டா?

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் விஞ்ஞானிகளிடையே ஒரு கருத்து ஊன்றியிருந்தது. நுண்ணுயிர்கள் மிகச் சிறியவை, எண்ணிக்கையோ அளவிறந்தது, காற்றும் நீரும் தூசியும் அவற்றை உலகெங்கும் எடுத்துச் செல்லும். ஆதலின், ஒவ்வொரு நுண்ணுயிரும் எல்லா இடத்தையும் எப்படியும் எட்டிவிடும். அந்தந்த இடத்தின் சூழ்நிலை தனக்கு ஏற்றவற்றை மட்டும் தழைக்க விடும் என்பதே அக்கருத்தாகும். ஹாலந்தின் நுண்ணுயிரியல் பேரறிஞரான பெய்ஜரிங்க் வளர்த்த இவ்வெண்ணத்தை, அந்நாட்டவரான பாஸ் பெக்கிங் 1934இல் ஒரு சூத்திரம்போலச் சுருக்கி உரைத்தார். எல்லாம் எங்கும் உண்டு, ஆனால் தேர்ந்தெடுப்பது சூழ்நிலையே என்பது அதன் சாரம்.

இக்கருத்தின்படி, தூரமும் மலையும் கடலும் நுண்ணுயிர்களுக்குத் தடையே அல்ல. யானைக்கும் மாமரத்துக்கும் நாடு உண்டு. நுண்ணுயிருக்கு நாடு இல்லை என்றாகிறது. இதில் பாதி உண்மை என்பதையும், மற்றப் பாதியைத் திருத்த வேண்டியிருந்தது என்பதையும் பின்வரும் ஆராய்ச்சிகள் காட்டின.

வெந்நீரூற்றுகள் சொன்ன செய்தி

தூரம் தடையாகுமா என்பதைச் சோதிக்க வேண்டுமானால், சூழ்நிலை ஒன்றாகவும் இடங்கள் மிகத் தொலைவாகவும் இருக்கவேண்டும். எரிமலைப் பகுதிகளிலுள்ள அமில வெந்நீரூற்றுகள் இதற்கு மிகப் பொருத்தமானவை. ஏறத்தாழக் கொதிக்கும் நிலையிலுள்ள அந்தப் புளித்த நீரில் சல்ஃபோலோபஸ் என்னும் நுண்ணுயிர் வாழ்கிறது. குளிர்ந்த நிலத்தில் அதனால் தழைக்க இயலாது. ஆகவே அதற்கு ஒவ்வோர் ஊற்றும் கடல் நடுவே உள்ள ஒரு தீவு போன்றதாகும்.

அமெரிக்க விஞ்ஞானிகளான விட்டேக்கர், குரோகன், டெய்லர் ஆகியோர், ருஷ்யாவின் கிழக்குக் கோடியிலுள்ள கம்சாட்கா, ஐஸ்லாந்துத் தீவு, அமெரிக்காவின் எல்லோஸ்டோன், லாசன் ஆகிய எரிமலைப் பகுதிகளிலிருந்து இந்நுண்ணுயிரைச் சேகரித்து ஒப்பிட்டு, 2003ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். ஒவ்வொரு பகுதியின் நுண்ணுயிரும் தனித்தனிக் குலமாகப் பிரிந்திருந்தது. இடங்களுக்கிடையே தூரம் கூடக்கூட மரபணு வேற்றுமையும் கூடிற்று. நீரின் வெப்பத்தாலோ புளிப்பாலோ இவ்வேற்றுமையை விளக்க முடியவில்லை. பன்னெடுங்காலம் ஒன்றோடொன்று கலவாமல் பிரிந்திருந்ததே காரணம் எனத் தெளிவாயிற்று.

மண்ணில் வாழும் மிக்சோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவிலும் இவ்வாறே காணப்பட்டது. உணவு குறைந்தால் இது தடித்த உறை கொண்ட வித்தாக மாறி நெடுங்காலம் உறங்கவல்லது. எனவே காற்றில் எளிதாகப் பயணம் செய்யும் என்று எதிர்பார்க்கலாம். எனினும் 2008இல் வெளிவந்த ஆராய்ச்சியில், இதன் குலங்களும் தூரத்துக்கேற்ப வேறுபட்டிருப்பது புலனாயிற்று. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன் நடந்த மற்றோர் ஆராய்ச்சியில், 16 சென்டிமீட்டர் நீளமும் அதே அகலமும் உள்ள ஒரு சிறு மண்பரப்பிலேயே இப்பாக்டீரியாவின் பல மரபு வகைகள் இருப்பது தெரியவந்தது. பெரிய நாட்டளவிலும் ஒரு சாண் மண்ணளவிலும் பன்மை ஒருங்கே அமைந்திருக்கிறது என்பது இதனால் விளங்கும்.

ஒரே பள்ளத்தாக்கின் இரு சரிவுகள்

தூரம் மிகக் குறைவாயிருந்து, சூழ்நிலை மட்டும் மாறினால் என்ன நேரும்? இஸ்ரேல் நாட்டின் கார்மல் மலையில் ஒரு பள்ளத்தாக்கு உண்டு. அதன் ஒரு சரிவு தெற்கு நோக்கி வெயிலை முழுவதும் வாங்கிக்கொண்டு வறண்டு கிடக்கிறது; எதிர்ச்சரிவு வடக்கு நோக்கி நிழலும் ஈரமும் மரஞ்செடியும் உடையதாயிருக்கிறது. அடிவாரத்தில் இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 100 மீட்டர் தூரமே உள்ளது. மழையும் பாறையும் இரண்டுக்கும் பொது.

இவ்விரு சரிவுகளிலும், கலிலீப் பகுதியிலுள்ள இதே போன்ற மற்றொரு பள்ளத்தாக்கிலும் மண்ணெடுத்து, பாசில்லஸ் சிம்ப்ளெக்ஸ் என்னும் பாக்டீரியாவை ஆராய்ந்தவர்கள் சிகோர்ஸ்கி, நெவோ என்னும் இருவர். அவர்களுடைய முடிவு 2005இல் வெளிவந்தது. வெயிற் சரிவில் வெப்பந்தாங்கும் குலங்களும், நிழற் சரிவில் வேறு குலங்களும் மிகுந்திருந்தன. ஒரு பள்ளத்தாக்கின் வெயிற் சரிவில் வாழ்வது, எதிரே உள்ள நிழற் சரிவில் வாழ்வதைவிட, தொலைவிலுள்ள மற்றப் பள்ளத்தாக்கின் வெயிற் சரிவில் வாழ்வதற்கே நெருங்கிய உறவாயிருந்தது. அதாவது, தேர்ந்தெடுப்பது சூழ்நிலையே என்னும் பழைய சூத்திரத்தின் பிற்பாதி இங்கே உறுதிப்படுகிறது.

புளிப்பே பெரிய நாட்டாண்மை

மண்ணின் பல குணங்களுள் எது நுண்ணுயிர்களை மிகுதியாக ஆள்கிறது? ஃபியரர், ஜாக்சன் என்னும் இரு விஞ்ஞானிகள் வட, தென் அமெரிக்கக் கண்டங்களின் பல பகுதிகளிலிருந்து 98 மண் மாதிரிகளைத் திரட்டி ஆராய்ந்து 2006இல் விடை கண்டனர். வெப்பமோ, நிலநடுக்கோட்டிலிருந்து உள்ள தூரமோ பெரிய காரணமாயிருக்கவில்லை. மரமும் விலங்கும் வெப்ப மண்டலக் காடுகளில் மிகுதி என்பது உண்மை. மண் பாக்டீரியாக்களின் நிலை அவ்வாறில்லை. மண்ணின் கார அமில நிலையே எல்லாவற்றிலும் முந்தி நின்றது. புளிப்பும் காரமும் இல்லாத நடுநிலை மண்ணில் பாக்டீரியாப் பன்மை மிகுந்தும், புளித்த மண்ணில் குறைந்தும் காணப்பட்டது. மரஞ்செடிகளால் நிறைந்த பெரு நாட்டு அமேசான் காட்டின் புளித்த மண்ணில் பாக்டீரியா வகைகள் மிகச் சிலவே இருந்தன.

பன்மை பிறக்கும் வழிகள்

இதுவரை கண்டவற்றைத் தொகுத்துப் பார்த்தால், நிலவமைப்பு நுண்ணுயிர்களை உருவாக்கும் வழிகள் ஐந்து எனலாம்.

முதலாவது, மாற்றம். பாக்டீரியா இரண்டிரண்டாகப் பிளந்து பெருகும்போது மரபணு எழுத்துகளில் சிற்சில பிழைகள் நேர்கின்றன. அவற்றிற் சில புதுக் குணங்களைத் தருகின்றன.

இரண்டாவது, தேர்வு. உப்பு, புளிப்பு, வெப்பம், வறட்சி, அங்கே வளரும் செடி ஆகியவை தமக்கு ஏற்ற இரகத்தை நிறுத்தி மற்றவற்றை ஒடுக்குகின்றன.

மூன்றாவது, வரவு. வாய்க்கால் நீர், வெள்ளம், காற்றுத் தூசி, கால்நடை, விதை, நாற்று, ஏரி வண்டல் ஆகியவற்றோடு புதிய நுண்ணுயிர்கள் வந்து சேர்கின்றன. வரவு மிகுந்தால் அண்டை நிலங்கள் ஒன்றுபோலாகும். மலையோ கடலோ குறுக்கிட்டால் வேறுபாடு வளரும்.

நான்காவது, தற்செயல். குதிரிலிருந்து ஒரு பிடி விதையை மட்டும் எடுத்துப் புதிய ஊரில் விதைத்தால், அந்தப் பிடியில் அகப்பட்ட இரகங்களே அவ்வூரில் நிலைக்கும். சிறு தொகையாகச் சென்று குடியேறும் நுண்ணுயிர்களுக்கும் இவ்வாறே நேர்கிறது.

ஐந்தாவது, கைமாற்று. இது நுண்ணுயிர்களுக்கே உரிய சிறப்பு. பெற்றோரிடமிருந்து மட்டுமன்றி, பக்கத்திலுள்ள வேற்றினத்திடமிருந்தும் பாக்டீரியா மரபணுக்களைப் பெறவல்லது. அண்டை வீட்டில் அரிசி கைமாற்று வாங்குவதுபோல, தன்னிடமில்லாத ஒரு திறமையை அது வாங்கிக்கொள்கிறது. இதன் விளைவைக் கீழே காண்போம்.

வேர்முடிச்சும் அதன் பிறந்தகமும்

நம் விவசாயத்தோடு மிக நெருங்கியது ரைசோபியம் கூட்டமே. காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன் இருந்தும் பயிரால் அதை நேரே உண்ண இயலாது. பயறு வகைச் செடிகளின் வேரில் முடிச்சுகளை உண்டாக்கி அவற்றினுள் வாழும் பாக்டீரியா, அந்நைட்ரஜனைச் செடிக்குத் தழைச்சத்தாக மாற்றித் தருகிறது. செடி அதற்குச் சர்க்கரைச் சத்தை ஊட்டுகிறது. வேர்முடிச்சுப் பாக்டீரியாவை 1888இல் முதன்முதலாகப் பிரித்தெடுத்துக் காட்டியவர் மேலே குறித்த பெய்ஜரிங்க் அவர்களே.

இவ்வுறவில் எல்லாப் பாக்டீரியாவும் எல்லாச் செடிக்கும் பொருந்துவதில்லை. தட்டைப்பயறு, பச்சைப்பயறு, உளுந்து, நிலக்கடலை ஆகியவற்றுக்குப் பொருந்தும் வகைகள் வெப்ப நாட்டு மண்ணில் பரவலாக உள்ளன. கொண்டைக்கடலைக்கும் சோயா மொச்சைக்கும் வேண்டியவை வேறு. எனவே செடி தன் பிறந்தகத்தை விட்டு வேற்று நாடு செல்லும்போது, துணைவன் அங்கே இல்லாமற் போவதுண்டு.

இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு பிரேசில். சோயாவின் பிறப்பிடம் கிழக்காசியா. பிரேசில் மண்ணில் அதற்குரிய பாக்டீரியா இயல்பாக இருக்கவில்லை. இரசாயன உரத்தை இறக்குமதி செய்வதா, பாக்டீரியாவைத் தேர்ந்து விதையோடு இடுவதா என்னும் கேள்வி எழுந்தபோது, செக் நாட்டில் பிறந்து பிரேசிலில் பணியாற்றிய யொஹானா டோபரைனர் என்னும் அம்மையார் இரண்டாம் வழியையே வற்புறுத்தினார். செராடோ எனப்படும் அந்நாட்டுப் புல்வெளி நிலம் புளிப்பு மிக்கது. ஆகவே, வந்து குடியேறி அம்மண்ணுக்குப் பழகிய பாக்டீரியாக்களிலிருந்தே சிறந்தவற்றைத் தேர்ந்து மீண்டும் பெருக்கினர். இன்று பிரேசிலின் சோயாப் பயிர் பெரும்பாலும் நைட்ரஜன் உரமின்றியே விளைகிறது. அவ்வழியில் தொடர்ந்து உழைத்த மரியாஞ்சலா ஹுங்ரியா அம்மையாருக்கு 2025ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு அளிக்கப்பட்டது. நம் நெல் வயல்களில் இடும் அசோஸ்பைரில்லத்தின் பயனை 1970களில் உலகறியச் செய்தவரும் டோபரைனர் அம்மையாரே என்பது நாம் நினைவிற்கொள்ளத் தக்கது.

மேற்கு ஆஸ்திரேலியாவின் புளித்த மணல் நிலங்களில், மெடிக் என்னும் தீவனப் பயற்றுச்செடிக்கு இட்ட பாக்டீரியா ஓரிரு ஆண்டுகளில் அழிந்துபோயிற்று. 1980களில் அந்நாட்டு விஞ்ஞானிகள் மத்தியதரைக் கடலிலுள்ள சார்டீனியாத் தீவிற்குச் சென்று, அங்கே புளித்த மண்ணில் தாமாக வாழ்ந்துவந்த வகைகளைக் கொணர்ந்தனர். அவை நிலைத்துத் தழைத்தன. செடிக்குப் பொருந்தினால் மட்டும் போதாது, மண்ணுக்கும் பொருந்தவேண்டும் என்பதே இதன் பாடம்.

நம் நாட்டு எடுத்துக்காட்டு மணிலா அகத்தி. பசுந்தாள் உரத்துக்காக நாம் விதைக்கும் இச்செடியின் பிறந்தகம் மேற்கு ஆப்பிரிக்கா. வேரில் மட்டுமன்றித் தண்டிலும் முடிச்சு விடுவது இதன் தனிச்சிறப்பு. அம்முடிச்சுகளை உண்டாக்கும் பாக்டீரியாவை விஞ்ஞானிகள் செனகல் நாட்டிலிருந்துதான் முதலில் பிரித்தெடுத்தனர்.

கைமாற்றின் விளைவு

நியூசிலாந்தின் ஒட்டாகோப் பகுதியில், லோட்டஸ் என்னும் தீவனப் பயற்றுச்செடியை ஒரே ஒரு பாக்டீரியா இரகத்துடன் விதைத்தனர். ஏழாண்டுகள் கழித்து முடிச்சுகளைச் சோதித்தபோது, இட்ட இரகத்தினின்றும் வேறான பலவகைப் பாக்டீரியாக்கள் அவற்றில் குடியிருந்தன. அம்மண்ணில் முன்பே வாழ்ந்து, முடிச்சு விடும் திறமை இல்லாதிருந்த உள்ளூர்ப் பாக்டீரியாக்கள், வந்த விருந்தினரிடமிருந்து ஏறத்தாழ 5 இலட்சம் எழுத்துகள் நீளமுள்ள ஒரு மரபணுத் தொகுதியை முழுதாகப் பெற்றுக்கொண்டன என்று சல்லிவன், ரான்சன் ஆகியோர் 1995 முதல் 1998 வரை வெளியிட்ட ஆராய்ச்சிகளால் மெய்ப்பித்தனர்.

இஃது எப்போதும் நன்மையாகவே முடியும் என்பதற்கில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் பிசெருலா என்னும் செடியைப் புகுத்திய ஆறாண்டுகளுக்குள், உள்ளூர்ப் பாக்டீரியாக்கள் இவ்வாறே கைமாற்றுப் பெற்று முடிச்சு விடத் தொடங்கின. ஆனால் அவற்றுட் பல தழைச்சத்தைப் பிடிப்பதில் மிகவும் சோம்பலாயிருந்தன. முடிச்சு எண்ணிக்கையில் நிறைவு, பலனில் குறைவு. நாம் மண்ணில் இடும் பாக்டீரியா வெறும் இடத்தில் விழுவதில்லை. ஏற்கெனவே குடிபுகுந்து, போட்டியிட்டு, கொடுத்து வாங்கும் ஒரு பெரிய ஊருக்குள்ளே புகுகிறது என்பதை இதனால் உணரலாம்.

நாம் செய்யத்தக்கவை

தமிழ்நாட்டின் நிலவமைப்பு மிகவும் பலதரப்பட்டது. நீலகிரியின் புளித்த மலைமண், தென்மாவட்டங்களின் சுண்ணாம்பு கலந்த கரிசல், காவிரி வண்டல், கடலோர உவர் நிலம், உள்நாட்டுச் செம்மண் எனப் பல வகைகள் சிறிய பரப்புக்குள் நெருங்கியுள்ளன. ஓர் ஊராட்சியிலேயே செம்மண் மேடும் ஏரிப்பாசன நன்செயும் களர்த் திட்டும் அடுத்தடுத்து இருப்பதுண்டு. ஆதலின் ஊர்த் தலைவர்களும் அலுவலர்களும் பின்வருவனவற்றைக் கவனித்தல் நலம்.

மண் பரிசோதனையில் கார அமில நிலையையும் உப்பு நிலையையும் முதலில் பார்க்கவேண்டும். மிகவும் புளித்த மண்ணில் ரைசோபியம் தழைப்பதில்லை. அங்கே சுண்ணாம்பு இட்டுப் புளிப்பைக் குறைப்பது முதல் வேலை. களர் நிலத்தில் ஜிப்சம் இட்டு நீர் வடித்து, தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாள் விதைத்துச் சீர்படுத்திய பின்னரே மற்றவற்றில் கைவைக்கவேண்டும். மண்ணைத் திருத்தாமல் பொட்டலத்தை மட்டும் வழங்குவது, வீடு கட்டாமல் குடியேற்றுவது போலாகும்.

பொட்டலத்தின்மீது எந்தப் பயிருக்கு உரியது என்பதும், காலாவதி நாளும் அச்சிடப்பட்டிருக்கும். இரண்டையும் பார்த்தே வாங்கவேண்டும். உள்ளே இருப்பது உயிர். வெயிலில் வைத்தால் மாண்டுபோகும். ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் தடவி, நிழலில் உலர்த்தி, 24 மணி நேரத்துக்குள் விதைத்துவிட வேண்டும். பூஞ்சாண மருந்து கலப்பதாயின் அதை ஒரு நாள் முன்னரே முடித்துக்கொள்ள வேண்டும்.

பலன் உண்டா என்பதைக் கண்டறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. வயலின் ஓரத்தில் ஒரு பாத்தியைப் பாக்டீரியா கலவாத விதையால் விதைத்து ஒப்பிடலாம். பூக்கும் தறுவாயில் சில செடிகளை வேர் அறாமல் தோண்டி எடுத்து, மண்ணைக் கழுவி, முடிச்சுகளை நகத்தால் கிள்ளிப் பார்க்கவேண்டும். உள்ளே இளஞ்சிவப்பாயிருந்தால் தழைச்சத்து வேலை நடக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. கலவாத பாத்தியிலும் முடிச்சுகள் சிவந்து நிறைந்திருந்தால், அம்மண்ணில் உள்ளூர்ப் பாக்டீரியாவே போதுமானது என்று கொள்ளலாம். அவ்வூரில் செலவிடும் தொகையை வேறு தேவைக்குத் திருப்பலாம். இச்சோதனையைப் பள்ளிப் பிள்ளைகளும் செய்யலாம். மகளிர் குழுக்களும் செய்யலாம். ஊர்தோறும் செய்து முடிவுகளை ஒரு பதிவேட்டில் குறித்துவந்தால், எந்தச் சாலகத்து நிலத்துக்கு எது வேண்டும் என்பது சில ஆண்டுகளில் தெளிந்துவிடும்.

எருவும் மக்கிய தழையும் தொடர்ந்து இடுதல், பயிர் சுழற்சி செய்தல், வைக்கோலையும் தாளையும் எரிக்காமல் மடக்கி உழுதல் ஆகியவை அந்தந்த மண்ணுக்குப் பழகிய நுண்ணுயிர்களைக் காக்கும். ஒருமுறை வழங்கும் பொட்டலம் விருந்தினரை அனுப்புவது. எரு இடுவதோ ஊர்க்குடிகளுக்கே சோறிடுவது.

ஊர் மண்ணின் உரிமை

இறுதியாக ஒரு செய்தி. பசிபிக் மாகடலில் மற்ற நிலங்களிலிருந்து வெகுதூரம் விலகிக் கிடப்பது ரப்பா நூயி என்னும் ஈஸ்டர் தீவு. 1964இல் கனடா நாட்டு மருத்துவக் குழுவொன்று அங்கே சென்று மண் மாதிரிகளை எடுத்து வந்தது. அம்மண்ணில் இருந்த ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாவிலிருந்து கிடைத்த மருந்துக்குத் தீவின் பெயராலேயே ராப்பமைசின் எனப் பெயரிட்டனர். அதைப் பிரித்தெடுத்து, அதன் பயனைக் கண்டவர்களுள் முதன்மையானவர் இந்தியாவில் பிறந்த சுரேந்திர சேகல் அவர்கள். சிறுநீரக மாற்றுச் சிகிச்சையில் உடல் புதிய உறுப்பை ஒதுக்கித் தள்ளாமல் காக்க, 1999இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. தூரத் தீவின் ஒரு பிடி மண் உலகெங்கும் உயிர்களைக் காக்கிறது. ஆனால் அம்மண் எடுக்கப்பட்ட காலத்தில், அதிலுள்ள உயிர்ச்செல்வத்தில் ஊர் மக்களுக்கும் பங்கு உண்டு என்னும் கருத்து உலகச் சட்டங்களில் இடம்பெற்றிருக்கவில்லை. 1992இல் உருவான உயிரினப் பன்மை உடன்படிக்கையே அக்கருத்துக்கு வழி வகுத்தது.

அதன் வழியில் நம் நாடு 2002இல் உயிரியல் பன்மைச் சட்டத்தை இயற்றியது. அதன் தேசிய ஆணையம் சென்னையிலேயே இயங்குகிறது. அச்சட்டம் செடி, விலங்குகளோடு நுண்ணுயிர்களையும் உயிர் வளமாகச் சேர்த்தே கூறுகிறது. ஒவ்வோர் உள்ளாட்சியும் உயிரியல் பன்மை மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் பதிவேடு ஒன்றைத் தயாரிக்க வேண்டும் என்பது அதன் விதி. அப்பதிவேடுகளில் மரங்களும் மூலிகைகளும் நாட்டு மாடுகளும் இடம்பெறுகின்றன. உவர்த் திட்டு, ஊற்று, கோயிற்காடு, உழவு படாத மேய்ச்சல் நிலம், நெடுங்காலமாக இரசாயன உரம் காணாத வயல் ஆகியவற்றையும் அவற்றில் குறித்து வைத்தல் வேண்டும். நுண்ணுயிரின் பெயர் நமக்குத் தெரியவேண்டுவதில்லை. அது வாழும் இடம் இன்னது, அவ்விடத்தின் தன்மை இன்னது என்று எழுதிவைத்தால் போதும். பெயரைப் பின்வரும் ஆராய்ச்சியாளர் கண்டு சொல்வர். இடமே அழிந்துவிட்டால் எவரும் எதையும் காண இயலாது.

பயனற்றவை என்று எண்ணி நாம் மண்ணடித்துத் தூர்க்கும் திட்டுகளில், உப்பையும் வெப்பையும் தாங்கப் பழகிய குலங்கள் பல இருக்கக்கூடும். மழை தவறும் காலங்களில் நம் பயிருக்குத் துணையாக வரவேண்டியவை அவையே. ஊராட்சி மன்றங்கள் புறம்போக்கு நிலத்தைப் பற்றித் தீர்மானம் செய்யும் ஒவ்வொரு முறையும் இதனையும் எண்ணிப் பார்க்குமாயின், நம் மண் வளம் நம் மக்களின் மக்களுக்கும் நிலைத்திருக்கும்.